என் கணவர் இளைப்பாறிய சனிக்கிழமை

வாசல் மணி அடித்தபோது நான் கருவாட்டுக் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். காலை ஷிஃப்ட் முடித்து வந்து, ஒரு நல்ல தூக்கம் போட்டு எழுந்திருந்த சனிக்கிழமை சாயங்காலம். முகக்கவசத்தை எல்லாரும் கழற்றிப் போட்டிருந்த புதிது.

புளிக்கையோடு போய்க் கதவைத் திறந்தேன். எங்கள் சபைச் செயலாளர் அருள்தாஸ் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. கையில் பெரிய பை. அதற்குள் பொட்டலம் கட்டிய கோப்பியும் ரொட்டியும். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"அக்கா…" என்றார்.

"வாங்க அருள்தாஸ். என்ன, சொல்லாம கொள்ளாம?"

"எப்பக்கா?"

எதைக் கேட்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முந்தின நாள்தான் என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் தானே எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று விஷயத்தை மூடி மூடி வைத்திருந்தார். எப்படியோ கசிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"நேத்து சாயங்காலம்தான். ஆஃபீஸ்லயே முடிஞ்சிருச்சு."

"ஆஃபீஸ்லயா!" அருள்தாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா. கடைசி நிமிஷம் வரைக்கும் உட்கார்ந்து வேலை பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாராம். அப்புறம் எல்லாரும் சுத்தி நின்னு கை தட்டி, கேக் வெட்டி…"

"கேக்கா?"

"சைனீஸ் ஆஃபீஸ் லா. வேற என்ன வெட்டுவாங்க?"

"உங்களுக்கு எப்படிக்கா இவ்வளவு தைரியம்…"

"இதுல தைரியம் என்ன இருக்கு? இதுக்காகத்தானே நான் இத்தனை நாளா ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன். எப்படா முடியும்னு இருந்துச்சு எனக்கு."

அருள்தாஸ் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. பிறகு மெதுவாக, "அண்ணன் எங்கக்கா?" என்றார்.

"உள்ளதான். குளியல் நடக்குது."

"வீட்லயேவா? யாருக்கா குளிப்பாட்டுறது?"

நான் பதில் சொல்வதற்குள் குளியலறையிலிருந்து சத்தம் வந்தது. "இஞ்சரும்! அந்தத் துவாயை ஒருக்கா எடுத்துத் தாரும்!"

அருள்தாஸின் பை கீழே விழுந்தது. கோப்பி வாசல் விரிப்பு முழுக்க ஓடியது. மனிதர் நின்ற இடத்திலேயே முழங்கால் போட்டுவிட்டார். ஜெபம் பண்ணுகிறாரா, மயக்கம் போடுகிறாரா என்று நர்ஸான எனக்கே சட்டென்று பிடிபடவில்லை. குனிந்து நாடியைப் பிடித்துப் பார்த்தேன். தடதடவென்று அடித்தது.

என் புருஷன் செத்துப்போய்விட்டார் என்று சபையே நம்பிக்கொண்டிருக்கிறது என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

துவாய்க்காரர்

ஏன் அப்படி நம்பினார்கள் என்று சொல்வதற்கு முன் அந்தத் துவாய்க்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் என் நர்ஸிங் ஹாஸ்டல் கூத்துகளை எழுதியதில் அவருக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. மனிதருக்கு அதில் ஒரு சின்ன வருத்தம்.

என் கணவர் தவராசா யாழ்ப்பாணத்துக்காரர். கட்டட வரைபடம் போடுகிற வேலைக்காக இளைஞராக இங்கே வந்தவர். நான் ஃபேரர் பார்க் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பா, அம்மா திருநெல்வேலிப் பக்கம். ஆகையால் எங்கள் வீட்டில் கல்யாணமான நாள் முதல் இரண்டு தமிழ் நடக்கிறது. அவருக்கு ஆஃபீஸ் 'கந்தோர்'. சாவி 'திறப்பு'. துண்டு 'துவாய்'. என்னைக் கூப்பிடுவதற்கு 'இஞ்சரும்'. 'இங்கே பாரும்' என்பதன் சுருக்கமாம்.

ஒரு தடவையாவது எஸ்தர் என்று கூப்பிடுங்களேன் என்று புதிதில் கெஞ்சியிருக்கிறேன். "இஞ்சரும் எண்டா நீர்தானே, வேற ஆர் இருக்கிறது இந்த வீட்டில?" என்பார். இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே திரும்பத் தோன்றுவதில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்காக அழ வேண்டியதையெல்லாம் இள வயதிலேயே அழுது முடித்துவிட்டோம். நான் வார்டுக்கு வருகிறவர்களிடம் என் பிரியத்தைச் செலவழித்தேன். அவர் சபையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

எங்கள் சபை ஃபேரர் பார்க்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் கூடுகிறது. ஞாயிறு காலையில் கதவைத் திறப்பவர் அவர். நாற்காலி போடுவது, மைக் சரிபார்ப்பது, பாட்டு வரிகளைத் திரையில் ஓட்டுவது, வயதானவர்களை வேனில் ஏற்றி வந்து இறக்குவது, ஏசி தண்ணீர் சொட்டினால் வாளி வைப்பது, ஆராதனை முடிந்து கோப்பை கழுவுவது எல்லாம் அவர்தான். வாரம் முழுக்கக் கந்தோர், ஞாயிறு முழுக்க இது.

ஒருமுறை பாஸ்டர் ஓய்வுநாளைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் பண்ணினார். அந்த நேரம் முழுவதும் என் கணவர் கடைசி வரிசைக்குப் பின்னால் ஸ்பீக்கர் வயரைப் பிடித்துக்கொண்டு தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

சும்மா இருக்கத் தெரிந்தவள்

நான் அப்படி இல்லை. எனக்குச் சும்மா இருக்கத் தெரியும். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

அது அம்மாவிடமிருந்து வந்தது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஊசியில் நூல் கோத்தால்கூடத் திட்டு விழும். சனிக்கிழமை சாயங்காலமே தேங்காய் துருவி, மசாலா அரைத்து, ஐந்து பேருடைய உடுப்பையும் இஸ்திரி போட்டு வைத்துவிடுவாள். ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, தரையில் பாயைப் போட்டு மின்விசிறிக்குக் கீழே படுத்தாளானால் சாயங்காலம் வரை யாரும் எழுப்பக் கூடாது. ஒருமுறை என் சட்டைப் பொத்தான் காலையில் அறுந்துவிட்டது. ஊக்கு குத்திக்கொண்டு போய்த்தான் அன்றைக்குப் பாட்டுப் பாடினேன்.

சின்ன வயதில் அது தண்டனை மாதிரி இருந்தது. வார்டு வேலைக்கு வந்தபிறகுதான் அம்மா எனக்கு என்ன கொடுத்துவிட்டுப் போனாள் என்று விளங்கியது. நோயாளிக்கு ஏது ஞாயிறு? நானும் பல ஞாயிறுகள் வார்டில்தான் நின்றேன். ஆனால் அதற்குப் பதிலாக எந்தக் கிழமை ஆஃப் கிடைக்கிறதோ அதை அம்மாவின் ஞாயிறாகவே வைத்துக்கொண்டேன். பாய், மின்விசிறி, தூக்கம். விழித்ததும் ஒரு நன்றி ஜெபம். நான் படுத்திருந்த நேரத்திலும் உலகம் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது என்று தெரியவரும்போது மனசுக்கு எவ்வளவு லேசாக இருக்கும் தெரியுமா!

எங்கள் சபைக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் காசிம் அண்ணன் என் கணவரைக் கண்டால் விட மாட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தொழுகைக்குப் போகிறவர்.

"என்ன தவராசா, நாங்க பள்ளிக்குப் போனா உட்கார்ந்து எழுந்திரிச்சு வர்றோம். நீங்க மட்டும் கோயிலுக்குப் போனா ஓவர்டைம் பார்த்துட்டு வர்றீங்களே லா?"

இவர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே காசிம் அண்ணன் கடையில் புது பல்புக்கும் டேப்புக்கும் காசு கொடுப்பார்.

ஏணி

அந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனைக்கு முன் ஏணியில் ஏறி ஸ்பீக்கரைத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கீழேயும் வரவில்லை, மேலேயும் போகவில்லை. நான் அண்ணாந்து முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ நோயாளிகளிடம் பார்த்த நிறம்.

ஆம்புலன்ஸில் போனோம். அடைத்த இதயக் குழாயில் ஸ்டெண்ட் வைத்தார்கள். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயதிருக்கும் ஒரு சீன டாக்டர், "அங்கிள், ஹார்ட் ரொம்பக் களைச்சுப் போச்சு. ரெஸ்ட் வேணும். சும்மா சொல்லலை, சீரியஸ்" என்று விரலை ஆட்டிச் சொன்னாள். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

வேலையை விடுகிறேன் என்று அவரே சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! மாதக்கணக்காக அந்த வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். கந்தோரில் கேக் வெட்டி அனுப்பினார்கள். மிச்சக் கேக்கோடு வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல், "இனித் திங்கள் தொடக்கம் முழுநேரமும் சேர்ச்சுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் சொல்லப் போறன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டர் சொன்னது காதுல விழலையா உங்களுக்கு?"

"கந்தோரை விடச் சொன்னவ. விட்டிட்டன். இது வேலையில்லையே, ஆண்டவற்ற காரியமெல்லோ."

"ஆண்டவரே ஆறு நாள் வேலை பார்த்துட்டு ஏழாம் நாள் ஓய்ஞ்சிருந்தாரு. அவரைவிட உங்களுக்கு வேலை ஜாஸ்தியா?"

"நான் போகாட்டி ஆர் செய்யிறது? கதவு திறக்கவே ஆளில்லை."

அன்றிரவு நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கோபம் என்று அவர் நினைத்திருப்பார். கோபமில்லை, பயம். இந்த மனிதர் சபை ஏணியிலேயே ஒருநாள் போய்ச் சேர்ந்துவிடுவார், நான் தனியாக நிற்பேன் என்ற பயம்தான். வேறொன்றுமில்லை.

மச்சாளின் ரோஜாப்பூக்கள்

அந்த வாய்ச்சண்டைக்குப் பிறகு அவர் மனம் கேட்காமல் யாழ்ப்பாணத்திலிருக்கும் தன் அக்காவுக்கு ஃபோன் போட்டிருக்கிறார். பூமணி மச்சாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கொரோனா காலத்தில் எங்கள் ஆராதனை இணையத்தில் போனபோது அங்கிருந்தே பார்க்க ஆரம்பித்து, அப்படியே சபை வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்துவிட்டார். தினமும் காலையில் ரோஜாப்பூ போட்ட வணக்கம் அனுப்புவது அவர் ஊழியம்.

சனிக்கிழமை மத்தியானம் மச்சாள் குழுவில் ஒரு செய்தி போட்டார். தம்பியின் பழைய படம் ஒன்று, டை கட்டியது. அதன் நாலு மூலையிலும் ரோஜாப்பூ. கீழே இப்படி எழுதியிருந்தார்:

'என் அன்புத் தம்பி தவராசா நேற்று வெள்ளிக்கிழமையுடன் இளைப்பாறிவிட்டார். இத்தனை வருட உழைப்பின் பின் கர்த்தர் அவருக்கு நல்ல இளைப்பாறுதலைக் கட்டளையிட்டார். அவருக்காக ஜெபித்த எல்லோருக்கும் நன்றி.'

யாழ்ப்பாணத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதை 'இளைப்பாறினார்' என்றுதான் எழுதுவார்கள். எங்கள் சபையில் முக்கால்வாசிப் பேர் நெல்லை, நாகர்கோவில் வழி வந்தவர்கள். எங்களுக்கு ஒருவர் இளைப்பாறினார் என்றால் கர்த்தருக்குள் இளைப்பாறினார், அவ்வளவுதான். அடுத்தது அடக்க ஆராதனை எத்தனை மணிக்கு என்றுதான் கேட்போம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவில் மச்சாளின் பெயரே 'பூமணி, இளைப்பாறிய ஆசிரியை' என்றுதான் இருந்தது. செத்துப்போன ஆசிரியை ஒருத்தி தினமும் நமக்குக் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறாளே என்று ஒரு ஜீவனும் யோசிக்கவில்லை.

எல்லாரும் எங்களுக்கு ஃபோன் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். என் ஃபோன் ஷிஃப்டில் சத்தத்தை அணைத்தபடியே பைக்குள் கிடந்தது. அவருடையது, என் தூக்கம் கெடக் கூடாதென்று சத்தத்தை அணைத்து, படுக்கையறையில் சார்ஜில். இரண்டு பேருமே எடுக்கவில்லை என்றதும் அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. ஏற்கனவே ஸ்டெண்ட் வைத்த மனிதர் வேறு.

இப்போது மறுபடி எங்கள் வாசலுக்கு வருவோம். துவாயைச் சுற்றிக்கொண்டு என் கணவர் வெளியே வந்து நிற்கிறார். அருள்தாஸ் முழங்காலில் இருக்கிறார். லிஃப்ட் திறந்து, பீஹூன் சேமியாப் பாத்திரமும் கையுமாக இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். முன்னால் வந்த பெண்கள் அவரைப் பார்த்து வீறிட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மலாய் அம்மா ஓடி வந்துவிட்டார்.

விஷயம் விளங்கியதும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு அழுகையும் சிரிப்பும்தான். அவர் மட்டும் உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, நேரே அக்காவை வீடியோவில் கூப்பிட்டார்.

"அக்கா, என்னைச் சாக்காட்டிட்டியே!"

"என்னடா கதைக்கிறாய்? நான் என்ன பிழையா எழுதினன்? இளைப்பாறிட்டார் எண்டா இளைப்பாறிட்டார்தானே!"

நான் ஃபோனை வாங்கிக்கொண்டேன். "மச்சாள், இங்க செத்தாத்தான் அப்படிச் சொல்லுவாங்க."

"அப்ப வேலை முடிஞ்சா என்னெண்டு சொல்லுவினம்?"

"ரிட்டயர் ஆயிட்டார்னு."

"அது இங்கிலீசெல்லோ!" என்றார் மச்சாள், அவ்வளவு கோபமாக. பிழை யார் மேல் என்பதில் அவருக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது.

கீழ்த்தளத்தில்

அப்போது அருள்தாஸின் ஃபோன் அடித்தது. எடுத்துப் பேசியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கல்யாணமும் சாவும் நடக்கிற எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் துக்க வீட்டுக்காக அவர் சொல்லியிருந்த நாற்காலியும் மேசையும் லாரியில் வந்து இறங்கிவிட்டனவாம். ஆளைக் காணோமே என்று லாரிக்காரர் சத்தம் போடுகிறாராம்.

"நான் பாக்கிறன்" என்று என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அடுத்த லிஃப்டில் போகிறேன். அங்கே போய்ப் பார்த்தால், தன் சாவுக்கு வந்த நாற்காலிகளைத் தானே இரண்டிரண்டாகத் தூக்கி வரிசையாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்! சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். முடியாமல் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியைப் பிடித்தபடி நின்றார்.

ஓடிப்போய் உட்காரவைத்து நாடியைப் பிடித்தேன். என் பின்னாலேயே இறங்கி வந்த எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"ஒண்டுமில்லை, மூச்சு வாங்குது, அவ்வளவுதான்" என்றார். நாடி கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது. உண்மையிலேயே மூச்சு வாங்கியதுதான். ஆண்டவரே, நன்றி என்று மனசுக்குள் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது.

அருள்தாஸ் அவர் காலடியில் குந்திக்கொண்டார். "விடுங்கண்ணே. இனிமே நீங்க எதையும் தூக்க வேணாம். நாங்கதான் எல்லாத்தையும் பிரிச்சுக்கிட்டோமே."

"எதைப் பிரிச்சனீங்கள்?"

அருள்தாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. "இல்லண்ணே… நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சு… நாளைக்கு ஆராதனை நடக்கணுமே. அதான் மத்தியானம் எல்லாரும் பேசினோம். கதவு நான் திறக்கிறேன்னு சொன்னேன். வேனுக்கு மாத்தி மாத்தி மூணு பேரு. நாற்காலிக்கு வாலிபப் பசங்க. ஸ்கிரீனுக்கு ஷெரின்."

ஷெரின் கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அங்கிள், நான் எப்பவோ கேட்டேன். நீங்கதான் கை வைக்கவே விடலை" என்றாள்.

"பேசி முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது?" என்று கேட்டார் இவர்.

"ஒரு மணி நேரம் இருக்கும்ணே" என்றார் அருள்தாஸ், பாவம், உள்ளதை உள்ளபடி.

என் கணவரின் முகம் விழுந்துவிட்டது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவ்வளவு வருஷம் தோளில் சுமந்ததை ஒரு மணி நேரத்தில் பிரித்துவிட்டார்களே என்ற வலி. "அப்ப நான் செத்தா ஒரு மணித்தியாலத்தில எல்லாம் சரியாகிடும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

எல்லாரும் இருக்கிறார்களே என்று நான் பார்க்கவில்லை. முந்தின இரவு சொல்லாமல் விட்டது அத்தனையும் வந்துவிட்டது.

"ஆமா, சபைக்குச் சரியாகிடும். கதவு திறக்க ஆள் கிடைச்சாச்சு, வேன் ஓட்ட ஆள் கிடைச்சாச்சு. அருள்தாஸ், எல்லாத்துக்கும் ஆள் போட்டீங்களே, என் பக்கத்துல இருக்கிறதுக்கு யாரைப் போட்டீங்க? சொல்லுங்க. அதுக்கு யாரு?"

ஷெரின் விசும்பினாள். லாரிக்காரச் சீனர்கூட சிகரெட்டை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"இஞ்சரும்…" என்றார் அவர்.

"என்ன இஞ்சரும்? எனக்கு நீங்க உயிரோட வேணும். வேற ஒண்ணும் வேணாம். நீங்க கும்பிடுற ஆண்டவர்கிட்ட நானும்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவர் என் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, சபைச் சாவிக்கொத்தை எடுத்து அருள்தாஸுக்கு நேரே நீட்டினார்.

"செத்தவன்ர திறப்பை வாங்கத்தானே வந்தனீர்? இந்தாரும், பிடியும்."

"அண்ணே, அப்படிச் சொல்லாதீங்க."

"பிடியும் எண்டு சொல்லுறன். அந்தப் பின்கதவுத் திறப்பு கொஞ்சம் இறுகும். மெல்லத் தூக்கித் திருப்ப வேணும்."

அருள்தாஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். யாரோ கை தட்டினார்கள். அப்புறம் வந்த நாற்காலிகளை வீணாக்குவானேன் என்று எல்லாரும் உட்கார்ந்தோம். பீஹூன் இறங்கியது, மறுபடி அடுப்பேற்றிய என் கருவாட்டுக் குழம்பும் இறங்கியது. எதிர்வீட்டு மலாய் அம்மா ஒரு தட்டு குவே பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிறந்தநாளா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பரிமாற எழுந்திருக்கப் பார்த்த என் கணவரை நாலு பேர் சேர்ந்து அமுக்கி உட்காரவைத்தார்கள். இப்படி ஒரு சபையைக் கொடுத்ததற்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு, அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வந்தவர்கள். துக்கம் என்று நினைத்தே அவ்வளவு அன்போடு வந்தார்கள்.

ஞாயிறு

மறுநாள் நாங்கள் ரயிலில் போனோம். போய்ச் சேர்ந்தபோது பாட்டு ஆரம்பித்திருந்தது. அவர் வாழ்க்கையில் ஆராதனைக்குப் பிந்திப் போனது அன்றைக்குத்தான். படியேறும்போது கதவைத் திறக்கக் கை தானாகப் பைக்குப் போனது. கதவு விரியத் திறந்துதான் கிடந்தது.

பாஸ்டர் எங்களைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தி, "சகோதரர் தவராசா உயிரோடுதான் இருக்கிறார், வேலையிலிருந்து மட்டும்தான் இளைப்பாறியிருக்கிறார்" என்று அறிவித்தார். சபை கை தட்டி ஓய நேரமாயிற்று. முழுநேரமும் வரப்போகிறேன் என்று எழுந்து நின்று சொல்ல வைத்திருந்ததை அவர் சொல்லவில்லை. "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

என் பக்கத்தில் அவர் உட்கார்ந்து நான் ஆராதித்ததே இல்லை. எத்தனையோ வருஷம் அந்த நாற்காலியில் என் கைப்பைதான் இருந்திருக்கிறது. அவருக்கு எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. என்னை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து எழுந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டாம் பாட்டில் ஷெரின் சரணத்தைத் தாண்டி அடுத்ததைத் திரையில் போட்டுவிட்டாள். இவர் கால் துடித்தது. எழுந்து ஓடப் பார்த்தார். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சபையார் ஒரு சரணத்தை விட்டுவிட்டு அடுத்ததைச் சந்தோஷமாகப் பாடிக்கொண்டு போனார்கள். ஒன்றும் குடிமுழுகவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கொஞ்சநேரத்தில் அந்தக் கை தளர்ந்தது.

பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் தலை ஆடியது. பிறகு என் தோளில் சாய்ந்தது. முதலில் வெட்கமாகத்தான் இருந்தது; முன்வரிசைப் பெண்மணி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. எத்தனையோ பேருடைய மூச்சைக் கவனித்துப் பழகிய காது எனக்கு. அது நோயாளியின் மூச்சில்லை. வேலை முடிந்து தூங்குகிற மனிதனின் மூச்சு. பாஸ்டர் என்ன பேசினார் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது.

கடைசியில் ஆசீர்வாதத்துக்காக எல்லாரும் எழுந்து நின்றார்கள். எங்கள் சபையில் ஆசீர்வாதத்தை நின்றுதான் வாங்குவோம். கைத்தடியோடு வருகிற முதியவர்கள்கூட எப்படியாவது எழுந்துவிடுவார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவர் விழித்துவிடுவார்.

அத்தனை பேரும் நிற்க, நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பாஸ்டர் கைகளை உயர்த்தினார். எங்கள் பக்கம் பார்த்தார். குரலை ரொம்பத் தாழ்த்திக்கொண்டு ஆசீர்வாதம் சொன்னார்.